எல்லாம் மூடித்தான் இருக்கு

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். அப்புறம் அடுப்படியை எட்டிப் பார்ப்பார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை. மாடிப்படி ஏறி வந்தவள் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். படிக்கட்டின் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டாள். அப்புறம்தான் உள்ளே காலை வைத்தாள். நேரே போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். கொக்கி சரியாக விழுகிறதா, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

"காத்து வருமான்னு பாக்கீகளா?" என்று கேட்டேன்.

"காத்து எப்படியும் வந்துரும் மதினி. மூடினா மூடுதான்னு பாக்கேன்" என்றாள்.

எடுத்த எடுப்பில் மதினி என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அவளை மதினி என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும், பேர் வேண்டாம்.

இந்த வீடு நானும் என் வீட்டுக்காரரும் கட்டினது. அவர் லோடு லாரி ஓட்டினார். நான் சிவகாசி அச்சாபீசு ஒன்றில் லேபிள் எண்ணி அடுக்கினேன். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும், எண் மட்டும் பார்த்ததும் வந்துவிடும். ஒரு கட்டைக் கையில் வாங்கினாலே குறைகிறதா கூடுகிறதா என்று சொல்லுவேன், சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர் காலமான பிறகு கீழே நான், மாடியில் வாடகைக்கு ஆள். அப்படி வந்தவள்தான் இவள். கூட ஒரே மகன், கல்யாணம் ஆகாதவன், நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை.

இரும்புக் கம்பியை ஏன் தொட்டாள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டை அது மண்ணுக்கு இறக்கிவிடும் என்பார்கள். இல்லாவிட்டால் கை பட்ட இடத்தில் பொறி தட்டி வெடிமருந்து தீப் பிடித்துக்கொள்ளும். இவளும் அப்படி ஒரு கம்பெனியில் இருந்தவள்தான், வேலையை விட்டு வருசக்கணக்காகியும் அந்தக் கை தானாகப் போய்த் தொடும். கோயிலுக்குப் போனாலும் தொடுவாள். ஒரு தரம் என் பீரோவைத் தொட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் மருந்து ரூம்தானா?" என்று கேட்டேன். "கோவம் வந்தா மருந்துதான மதினி நீங்க" என்று சிரித்தாள். நன்றாகச் சிரிப்பாள். கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

எதையும் திறந்தபடி வைக்கமாட்டாள், அதுதான் அவள். எனக்கு ஒரு கரண்டி குழம்பு கொடுத்தனுப்பினாலும் கிண்ணத்துக்கு மூடி, மூடிக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் துணி கட்டி வரும். அவிழ்ப்பதற்குள் குழம்பு ஆறிப்போகும். அவள் மகன் சொல்லுவான், "எங்கம்மாவ விட்டா வானத்துக்கும் ஒரு கதவு போட்டு கொண்டி மாட்டிரும் பெரியம்மா." சித்திரை வெயிலிலும் அவள் வீட்டு ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைக் கிழித்துத் திரியாக உருட்டிக் கரண்டிக் காம்பால் குத்தி அடைத்திருந்தாள். பகலிலும் உள்ளே விளக்கு எரியும்.

அவள் குடி வந்த சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வந்திருந்தது. மாடிக்கும் கனெக்சன் வாங்கி வைத்திருந்தேன், முன்னே குடியிருந்தவர்கள் கொஞ்ச நாள் எரித்துவிட்டுக் காலி செய்திருந்தார்கள். இவள் பழைய வீட்டில் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பை மட்டும் கொண்டுவந்தாள். அந்த அடுப்பு அப்படியே இதற்கு ஆகாது, உள்ளே கேஸ் பீச்சுகிற ஜெட்டை மாற்றவேண்டும், ரப்பர் டியூபையும் மாற்றவேண்டும் என்று கேஸ் ஆபீசிலிருந்து பிட்டர் ஒருவர் வந்தார். மாடிப்படிக்கு அடியில் சுவரில் இருக்கிற மீட்டருக்கு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அம்மா, குடி வர்ற அன்னைக்கு இந்த நம்பரைப் பாத்து வச்சுக்கோங்க. முன்னால இருந்தவங்க எரிச்சது இதோட முடிஞ்சது, இனிமே ஓடுறது உங்களுது. கறுப்பு நம்பருக்குத்தான் பில்லு. கடைசியில செவப்பா இருக்கு பாருங்க, அது பொடிக் கணக்கு, பில்லுல வராது. ஆனா அதுதான் முக்கியம். அடுப்பெல்லாம் அணைஞ்சிருக்கையில செவப்பு அசையக்கூடாது. அசைஞ்சா எங்கனயோ கேஸ் கசியுதுன்னு அர்த்தம். இந்தா, மீட்டர் பக்கத்துல இருக்க வால்வைக் குறுக்கால திருப்பிட்டு எங்களுக்குப் போன் அடிக்கணும்."

"கசியுதான்னு தீக்குச்சி உரசிப் பாத்துட்டா?" என்றேன் சும்மா.

"உரசினா மீட்டர் பாக்க நீங்க இருக்க மாட்டீங்கம்மா. சோப்பு நுரை தடவிப் பாக்கணும்."

"சிவகாசியில வந்து தீக்குச்சி உரசாதங்கிற ஒரே ஆளு நீதான்யா" என்றேன். அவர் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. அவள் அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிட்டா நல்லா மூடுமா?" என்று கேட்டாள்.

"கால் சுத்துதான்மா. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கால நின்னா மூடிருச்சு. ஒரு விரல் போதும்."

ஒரு விரலால் மூடுகிற எதையும் அவள் நம்பிப் பார்த்ததில்லை.

பிட்டர் மாடியில் அடுப்புக்குப் பக்கத்து வால்வையும் காட்டிக் கொடுத்தார். சுவரில் மேலே, கூரையை ஒட்டி, ஒரு வட்ட ஓட்டை போட்டு வலை மாட்டினார். சிலிண்டர் கேஸ் கீழே இறங்கித் தரையில் தங்கும், இது லேசு, மேலே ஏறும், அதனால் வழி மேலே இருக்கணும் என்றார். அவர் ஓட்டை போடுகிற நேரம் முழுக்க மதினி அடுப்படி வாசலில் நின்று அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தாள். யாரோ வரப்போகிற வழியைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

அவர் போன பிறகு கேட்டாள், "மதினி, எதிர்த்த காலியிடத்துல ராக்கெட் விட்டா அது வழியா வராதா?"

"உள்ளங்கை அகலம் ஓட்டைக்குள்ள குறி பாத்தா விடுவாக?"

"குறி பாத்தா எங்களுக்கு வந்துச்சு?" என்றாள்.

அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள். அவளும் அவள் தங்கச்சியும் ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாசுக் குழலுக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ரூமுக்குச் சுற்றிலும் கதவு இருக்கும், வேலை நேரத்தில் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கவேண்டும். ஒன்றென்றால் எந்தப் பக்கமும் ஓடலாம், அதற்காகத்தான் அந்தச் சட்டம். பக்கத்து ரூமில் சத்தம் கேட்டது.

"திரும்பிப் பாக்கேன், தீ நடந்து வருது மதினி. ஓடி வரல, நடந்து வருது, விருந்தாளி மாதிரி. வாசப்படி தாண்டி உள்ள வருது. கதவு தொறந்துதான கெடந்துச்சு. யாரு தடுப்பா?"

நான் மெதுவாகச் சொன்னேன், "நீங்க வெளிய வந்ததும் ஒரு தொறந்த கதவு வழியாத்தான மதினி."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து போய், என் வீட்டு ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். தங்கச்சி எந்தக் கதவு வழியாகவும் வரவில்லை என்பதை மகன்தான் பிற்பாடு சொன்னான்.

மறுநாள் சுவர் ஓட்டையை நிமிர்ந்து பார்த்தேன். வலைக்குப் பின்னால் ஊதா நிறத்தில் துணி தெரிந்தது. பழைய சேலையைச் சுருட்டித் திணித்திருந்தாள்.

"அதை அடைக்கக் கூடாதுன்னு அந்தாளு சொன்னாருல்ல?"

"அந்தாளு எங்கன குடியிருக்காரு மதினி? இங்கனயா?"

சண்டை போட்டேன். ஒருநாள் நானே கம்பை விட்டுக் குத்தி எடுத்தேன். மறுநாள் வேறு துணி இருந்தது. மகனிடம் சொன்னேன், அவனும் எடுத்தான். அதற்கும் மறுநாள் இன்னொரு துணி. "வீட்டைக் காலி பண்ணுங்கன்னா பண்ணிருதேன் மதினி, தொறந்து வைங்கன்னா என்னால ஆகாது" என்றாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் கொக்கியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். அப்படி ஒருத்தியைத் தெருவில் இறக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுப்பு வால்வை அவள் மூடுகிற விதத்தையும் பார்த்தேன். சமைத்து முடித்ததும் விரலால் திருப்புவாள். அது மூடிவிடும். அதோடு விடமாட்டாள். கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவாள். காலையில் ஒரு முறுக்கு, சாயங்காலம் ஒரு முறுக்கு. அப்புறம் என்னைப் பார்த்துச் சொல்லுவாள், "எல்லாம் மூடித்தான் இருக்கு." அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே சீராக வரும்.

இன்னொன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் கந்தக வாடை புதுசு இல்லை. கம்பெனி வேன் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனால் தெருவே மணக்கும். துவைத்த சட்டையிலும் இருக்கும், தலையணையிலும் இருக்கும். மருந்து வாடை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். குழாய் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதற்கும் ஒரு நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்களாம். வெளியூர்க்காரன் மோந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். நாங்கள் மோந்தால், மகன் வேலையிலிருந்து வந்துவிட்டான் என்று சோறு போட எழுந்திருப்போம்.

தீபாவளி நெருங்குகிற சமயம். மகன் அச்சங்குளத்தில் ஒரு கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். மாடியில் மதினி மட்டும். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள், சாயங்காலம்தான் வரும். மின்விசிறி இல்லாமல் புழுங்கியது. வெயில் இறங்கியதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று படிக்கட்டுப் பக்கம் போனேன். கரண்டு இல்லாத தெரு அமைதியாக இருந்தது. மீட்டரைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது, எண் இருக்கிற இடத்துக்குக் கண் போய்விடும்.

சிவப்பு எண் நகர்ந்துகொண்டிருந்தது.

வேகமாக இல்லை. பாதி தெரிந்து, முழுசாகத் தெரிந்து, அடுத்தது எட்டிப் பார்த்தது. நின்று பார்த்தேன். மறுபடியும் நகர்ந்தது.

"மதினி," என்று கீழிருந்தே கூப்பிட்டேன். "அடுப்புல என்ன இருக்கு?"

கொஞ்சம் பொறுத்துத்தான் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஒண்ணும் இல்ல மதினி. காலையிலயே ஆக்கி இறக்கியாச்சு. தலை பாரமா இருக்குன்னு படுத்திருக்கேன்."

"வால்வு?"

"மூடித்தான் இருக்கு. எல்லாம் மூடித்தான் இருக்கு."

மீட்டர் பக்கத்து வால்வைக் குறுக்கே திருப்பினேன். எண் நின்றது. படி ஏறினேன். மேலே போனதும் வாடை. மருந்து வாடை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் துணி காயப்போடுகிற கொடியைப் பார்த்தேன். கொடியில் சட்டை இல்லை. மகன் ஊரிலேயே இல்லை. யாருடைய மருந்து இது?

குழாயை மூடியாகிவிட்டது. ஆனால் காலையிலிருந்து உள்ளே சேர்ந்தது உள்ளேதான் இருக்கிறது. ஜன்னல் இடுக்கிலும் துணி, சுவர் ஓட்டையிலும் துணி. அது எங்கே போகும்? கரண்டு எப்போது வேண்டுமானாலும் வரும், சுவிட்சில் ஒரு பொறி போதும். மாடிக்கு மெயின் சுவிட்சும் கதவுக்கு உள்பக்கம்தான்.

"மதினி, கதவைத் தொறங்க."

"என்ன மதினி?"

"தொறந்துட்டு வெளிய வாங்க, சொல்லுதேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்த்த காலியிடத்தில் எவனோ சாம்பிள் சரம் ஒன்றைக் கொளுத்தினான். சீசனில் ஆர்டர் எடுக்க வருகிறவர்களுக்கு அப்படித்தான் போட்டுக் காட்டுவார்கள். படபடவென்று அது ஓடி அடங்குகிற வரைக்கும் உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"வெடி போடுதாக மதினி. எல்லாம் அடங்கட்டும், தொறக்கேன்."

"அடங்குற வரைக்கும் பொறுக்க முடியாது. கரண்டு வந்துரும்."

"வரட்டுமே. பேன் சுவிச்சைப் போட்டுட்டுத்தான் படுத்திருக்கேன். வந்தா தானா சுத்தும்."

கதவை உள்ளங்கையால் தட்டினேன். "கேஸ் கசிஞ்சிருக்கு மதினி. உள்ள பூரா அதுதான் இருக்கு. எந்தச் சுவிச்சையும் தொடாதீக, விளக்குப் பொருத்தாதீக. எந்திரிச்சு நேரா கதவுக்கு வாங்க."

"கசியாது மதினி. நான் முறுக்கி மூடியிருக்கேன்."

"மூடினது மூடலை."

காலியிடத்தில் இன்னொரு சரத்தை விரிக்கிறார்கள் என்று மேலிருந்து பார்க்கத் தெரிந்தது. அவர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். கொளுத்தப் போனவன் எனக்கு வணக்கம் போட்டான்.

கதவுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், அவள் குரல் கேட்டது. எழுந்து வந்துவிட்டாள், ஆனால் கொண்டியில் கை வைக்கவில்லை. "தொறந்தா வந்துரும் மதினி. அது வாசல் வழியாத்தான் வரும். உங்களுக்குத் தெரியாது."

உள்ளேதான் இருக்கிறது என்று சொன்னேன், அது அவள் காதில் ஏறவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றேன், ஏறவில்லை. கடைசியில் கதவில் முதுகைச் சாய்த்துத் தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றேன்.

"மதினி, வாசல்ல நான் நிக்கேன். முதுகு கதவுல படுது பாருங்க. எது வந்தாலும் என்னைத் தாண்டித்தான் உள்ள வரணும். என்னைத் தாண்டி இந்த வீட்டுக்குள்ள இதுவரைக்கும் ஒண்ணும் போனதில்ல. தொறங்க."

மேல் கொண்டி கழன்றது. நடுத் தாழ்ப்பாள் கழன்றது. கீழ்த் தாழ்ப்பாளை இழுக்க அவளுக்குக் குனியவேண்டியிருந்தது, அதற்கு நேரம் ஆனது. இரண்டாவது சரம் வெடிக்கத் தொடங்கியது. கதவு என் முதுகிலிருந்து விலகியது.

உள்ளே இருந்து வந்த வாடை மூக்கில் அடித்தது. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். முன் ரூம் ஜன்னல் இரண்டையும் கொக்கி கழற்றித் தோளால் தள்ளித் திறந்தேன், கதவை அகலத் திறந்து போட்டேன். அடுப்படிப் பக்கம் போகவில்லை. அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, என் பிடரியில் நெற்றியை வைத்துக்கொண்டு படி இறங்கினாள். தெருவின் அடுத்த முனைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னேன். அங்கிருந்துதான் கேஸ் ஆபீசுக்குப் போன் அடித்தோம்.

அப்புறம் ஏதோ ஒரு வீட்டில் டிவி பேசியது. கரண்டு வந்துவிட்டது. நான் மாடியைப் பார்த்தேன். திறந்த ஜன்னலுக்குள் மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது, வேகம் எடுத்தது. ஒன்றும் ஆகவில்லை. மதினி என் சேலையைப் பிடித்திருந்த இடம் கிழிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பிட்டர் வந்து மற்ற ஜன்னல்களையும் திறந்து போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார். கையில் ஊதாச் சேலைத் துணி. அவருக்குக் கோபம். "வால்வை யாரும்மா இப்படி முறுக்குனது? அது மூடினதுக்கு அப்புறமும் முறுக்கியிருக்கீங்க. முறுக்க முறுக்க வால்வோட சேத்து, அதுக்கு முந்தி குழாய் மாட்டுற மரையே கழண்டு வந்திருக்கு. நீங்க மூடல, தினம் கொஞ்சங்கொஞ்சமா கழட்டியிருக்கீங்க. அதுல இந்த ஓட்டையையும் அடைச்சா?"

போதும் என்று அவருக்குக் கண்ணைக் காட்டினேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

அழவில்லை. வீட்டைப் பார்த்தாள். அவள் குடி வந்த பிறகு முதல் தடவையாக எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தொறந்தா வெளிய இருந்து வருது" என்றாள். "மூடினா உள்ள இருக்கு. நான் எங்கன போய் உக்கார, மதினி?"

பிட்டர் மரையை மாற்றினார், நுரை தடவிக் காட்டினார், மீட்டரைக் காட்டினார், சிவப்பு அசையவில்லை. நான் கெஞ்சினேன். அவள் படி ஏறவில்லை. நடுத்தெருவில், எந்த வீட்டுச் சுவரும் கை எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வண்டிகள் சுற்றிப் போயின. மகன் அச்சங்குளத்திலிருந்து வந்து தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனான். சாமான் ஏற்ற அவன் மட்டும்தான் வந்தான்.

ஆனைக்குட்டத்தில் அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் பார்க்கப் போனேன். வீட்டுக்கு முன்னால் வெறும் பொட்டல். அதன் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கறுத்து, பாதியாகிப் போயிருந்தாள். தம்பி பெண்டாட்டி என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள், "கூரைக்குக் கீழ வரவே மாட்டேங்காக. சாப்பாடும் அங்கனதான், படுக்கையும் அங்கனதான்."

போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னை அடையாளம் தெரிந்தது. "சாப்பிட்டீகளா மதினி?" என்று கேட்டாள். கையால் வாயை மூடாமல் சிரித்தாள். அது எனக்கு நன்றாகப் படவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரிய பெரிய தூறலாக விழுந்தது. "வாங்க, உள்ள போவோம்" என்று கையைப் பிடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. முகத்தை மேலே தூக்கி மழைக்குக் காட்டினாள்.

"நனைஞ்சா நல்லதுதான மதினி. நனைஞ்சது தீப் பத்தாதுல்ல?"

இந்தப் பக்கம் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை, அது தனக்குள்ளேயே சூடேறும், தானாகப் பிடிக்கும். மழை இறங்கினால் கம்பெனியில் ஆளை வெளியே அனுப்புவது அதற்காகத்தான். என்னைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் கண்ணில் மழை விழுந்துகொண்டிருந்தது, இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாது மதினி" என்றேன்.